எல்லாம் அவசரமெனில் எது அவசரம்?

புறநானூற்றைப் பயின்ற மாணவர் எவரும் பாடல்களின் அடியில் அமைந்த சிறு குறிப்பைக் கண்டிருப்பர். இன்ன திணை, இன்ன துறை, இன்னாரை இன்னார் பாடியது என ஓரிரு வரிகளில் அக்குறிப்பு அமையும். புலவர் எழுதியதன்று அது; பிற்காலத்தே சேர்க்கப்பட்டது என்பது அறிஞர் கருத்து. ஆயினும் 1894ஆம் ஆண்டில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவர்கள் அந்நூலை அச்சேற்றிய நாள்தொட்டு இன்றுவரை, நானூறு பாடல் கொண்ட அத்தொகையினுள் வழி தேடுவோர்க்கு அக்குறிப்புகள் கைவிளக்காய் நின்று உதவுகின்றன. வெட்சி எனக் குறிக்கப்பட்ட பாடலை ஒரு நோக்கில் படிக்கிறோம். பொதுவியல் எனக் குறிக்கப்பட்ட பாடலை வேறொரு நோக்கில் படிக்கிறோம். பாடலின் ஒரு சொல்லும் மாறவில்லை; நம் பார்வை மாறிவிடுகிறது. குறிப்புச் செவ்வையாயின் பொருள் விளங்கும். குறிப்புப் பிழையாயின் உரையும் தடுமாறும்.

பொருளைத் தொடாமல் பார்வையை மாற்றும் இவ்வாற்றல் இன்று கணினி உலகில் நாள்தோறும் பல்லாயிரவரால் கையாளப்படுகின்றது. மென்பொருள் ஒன்றை உருவாக்குவோர், அதில் காணப்படும் பிழைகளையும் பயன்படுத்துவோர் தெரிவிக்கும் விருப்பங்களையும் ஒரு பொதுப் பதிவேட்டில் எண்ணிட்டுப் பதிந்து வைப்பர். அப்பதிவு ஒவ்வொன்றையும் முறையீடு என்று இக்கட்டுரையில் அழைப்போம். முறையீட்டின்மேல் அதன் வகை யாது, கடுமை எத்தகையது, எப்போது கவனிக்க வேண்டும் என்பனவற்றைக் காட்ட ஒட்டப்படும் சிறு குறிப்பே லேபிள் எனப்படும் அடையாளச் சீட்டு. அச்சீட்டை ஒட்ட ஒரு நொடி போதும். ஆனால், யாருடைய துன்பம் இன்று தீரும், யாருடைய துன்பம் காத்திருக்கும் என்பதை அந்த நொடியே முடிவு செய்துவிடுகிறது. ஆதலின் சீட்டு ஒட்டுதல் எழுத்தர் பணியன்று. அது தீர்ப்பு வழங்கும் பணி என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஓர் எழுத்துப் பட்ட பாடு

இக்கருத்து எனக்கு ஏட்டுப் படிப்பால் வந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்விக்கூடத்தில் சான்றிதழ்களைத் தமிழில் அச்சிடும் மென்பொருள் ஒன்று உருவாயிற்று. அக்கல்விக்கூடத்தின் பெயரோ அதனை உருவாக்கியோர் பெயரோ இங்கு வேண்டா. தமிழ்ப் பகுதியைச் சரிபார்த்துத் தருமாறு என்னை அழைத்திருந்தனர். பழைய எழுத்துருவில் இருந்த மாணவர் பெயர்களை யூனிகோடு முறைக்கு மாற்றியபோது ஷகரமும் ஹகரமும் சில இடங்களில் விடுபட்டு, அவ்விடங்களில் வெறுங்கட்டங்கள் தோன்றின. கண்டவுடன் அதனைப் பதிவேட்டில் முறையீடாகப் பதிந்தேன். மறுநாளே அதன்மீது இரண்டு சீட்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று, 'தோற்றக் குறை', மற்றொன்று, 'பிறகு'.

சீட்டு ஒட்டிய இளைஞர் பொறுப்பற்றவர் அல்லர், கடும் உழைப்பாளி. சோதனைக்கென அவர் வைத்திருந்த மாதிரிப் பட்டியலில் இவ்வெழுத்துகள் கொண்ட பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு பெயரில் ஒரு கட்டம். அதனைத் தோற்றக் குறை என்று அவர் கருதியதில் வியப்பில்லை. ஆனால் சான்றிதழ் பெற வேண்டிய மாணவர் பட்டியலிலோ ஆயிஷாக்களும் ஷாஹுல் ஹமீதுகளும் ஹாஜிராக்களும் நிறைந்திருந்தனர். ஹரிஹரனும் உஷாவும் அதே பட்டியலில் இருந்தனர். சான்றிதழ்கள் அச்சாகி, கட்டுப் பிரிக்கப்பட்டு, சிலர் கைக்குப் போயும் விட்டன. ஒரு மாணவி தம் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு நகர்ந்தவர், நின்று, திரும்பி வந்து, "சார், இதில் என் பெயர் இல்லையே" என்றார். அவர் குரலில் சினம் இல்லை; அதனால்தான் அச்சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் பெண் அவர். மூன்றாண்டு உழைப்பின் பயனாய்ப் பெற்ற தாளில் அவருடைய பெயரின் நடுவே ஒரு வெறுங்கட்டம்! அது தோற்றக் குறையா?

அன்று மாலை அப்பதிவேட்டை முழுமையாகத் திறந்து பார்த்தேன். 'அவசரம்' என்னும் செந்நிறச் சீட்டு ஏறத்தாழ எல்லா முறையீடுகளின்மீதும் ஒட்டப்பட்டிருந்தது. முகப்பில் உள்ள நீல நிறம் சற்று வெளிறியுள்ளது என்பது அவசரம். பொறுப்பாளர் ஒருவரின் படம் இன்னும் பெரிதாக அமைய வேண்டும் என்பதும் அவசரம். மேலிடத்தார் வாய் திறந்து கேட்டவை யாவும் அவசரமாகியிருந்தன. 'பிறகு' என்னும் சீட்டுப் பெற்ற மிகச் சிலவற்றுள் ஒன்றாக அந்த ஷகரம் காத்துக் கிடந்தது. எல்லாமே அவசரமாகிவிட்ட இடத்தில் எது அவசரம் என்று அறிய வழியில்லாமற் போயிற்று.

எங்கே தவறு நேர்ந்தது? நன்கு நடைபெறும் மென்பொருள் திட்டங்கள் சிலவற்றின் நடைமுறையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது மூன்று தவறுகள் புலனாயின. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

வரையறை இல்லாத தரம்

முதல் தவறு, சீட்டுக்கு வரையறை இல்லாமை. 'அவசரம்' என்றால் என்ன என்று அப்பதிவேட்டில் எவரும் எழுதி வைக்கவில்லை. எனவே உரத்துப் பேசியவர் முறையீடு அவசரமாயிற்று.

இதற்கு மாறான நெறியை டெபியன் என்னும் திட்டத்தில் காணலாம். 1993ஆம் ஆண்டில் இயன் மர்டாக் என்பவர் தொடங்கியது அது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர் கூடி உருவாக்கும் இயங்குதளம். யாவர்க்கும் இலவசமாகக் கிடைப்பது. அதன் பிழைப் பதிவேட்டில் முறையீட்டு எண் 2021ஆம் ஆண்டில் பத்து இலட்சத்தைக் கடந்தது. ஊதியம் கொடுத்து ஆணையிடும் முதலாளி இல்லாத இடத்தில், இத்துணை முறையீடுகளை எந்த வரிசையில் கவனிப்பது? அங்கே கடுமையை ஏழு தரங்களாகப் பகுத்துள்ளனர். முதன்மையான தரம் ஒவ்வொன்றுக்கும் வரையறை எழுதி வைத்துள்ளனர்.

ஒரு நிரலில் உள்ள பிழை, தொடர்பில்லாத பிற நிரல்களையோ கணினி முழுவதையுமோ கெடுக்குமாயின், அல்லது பெரும் தரவு இழப்பை உண்டாக்குமாயின் அது முதல் தரம். அந்நிரலையே பயன்படுத்த இயலாதவாறு செய்யுமாயின் இரண்டாம் தரம். திட்டத்தின் கட்டாய விதிகளைக் கடுமையாக மீறுமாயின் மூன்றாம் தரம். பயன்பாட்டைப் பெரிதும் பாதித்தாலும் எல்லார்க்கும் பயனற்றதாக்கவில்லை எனின் நான்காம் தரம். அதன்பின் இயல்பான பிழை, சிறு பிழை, விருப்பம் என்பன முறையே வரும். முதல் மூன்று தரத்துப் பிழைகள் தனி மதிப்புடையன. அவை தீராத நிரலை அடுத்த வெளியீட்டில் சேர்ப்பதில்லை என்பது அவர்தம் நெறி.

ஈண்டு நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. 'இது எனக்கு அவசரம்' என்று எவரும் அங்கே சொல்லி வெல்ல இயலாது. 'இது தரவை அழிக்கிறதா? பிற நிரல்களைக் கெடுக்கிறதா?' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று விடை கூற வேண்டும். முறையீடு செய்தவர் பெரியவரா சிறியவரா என்று வரையறை பார்ப்பதில்லை. எழுதப்பட்ட விதி எளியோர்க்கு அரண். மென்பொருளிலும் அஃதே உண்மை.

கடுமை வேறு, முந்துரிமை வேறு

இரண்டாம் தவறு, இரு வேறு கேள்விகளை ஒரே சீட்டில் அடக்கியது. பிழை எவ்வளவு கொடியது என்பது ஒரு கேள்வி. அதனை எப்போது திருத்த வேண்டும் என்பது மற்றொரு கேள்வி. முன்னது பிழையின் இயல்பைப் பற்றியது. பின்னது நம் காலத்தையும் ஆள்வலிமையையும் பற்றியது.

1998ஆம் ஆண்டில் மொசில்லா திட்டத்திற்காக டெர்ரி வைஸ்மன் என்பவர் உருவாக்கிய பக்ஸில்லா என்னும் பிழைப் பதிவேட்டில் இவ்விரண்டும் தனித்தனிப் பகுதிகளாக அமைந்தன. கடுமைக்கு ஒரு வரிசை. முந்துரிமைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மற்றொரு வரிசை. இப்பிரிவின் நுட்பத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். எவரும் தொடாத ஒரு பழைய வசதியைப் பயன்படுத்தினால் நிரல் முழுதும் நின்றுவிடுகிறது என்க. கடுமை மிகுதி, ஆனால் இன்றே திருத்த வேண்டியதில்லை. நாளை வெளியாகவுள்ள மென்பொருளின் முகப்பில் கல்லூரியின் பெயரே எழுத்துப் பிழையோடு உள்ளது என்க. கடுமை குறைவு, நிரல் செவ்வனே இயங்குகிறது. ஆயினும் இன்றே திருத்தியாக வேண்டும்.

எங்கள் ஷகரமும் அத்தகையதே. நிரல் நிற்கவில்லை, தரவு அழியவில்லை. கடுமை குறைவு என்று அவ்விளைஞர் கொண்டது ஒரு வகையில் சரி. ஆனால் கடுமை குறைவு என்பதனாலேயே 'பிறகு' என்று ஒட்டிவிட்டார். பட்டமளிப்பு நாள் குறிக்கப்பட்ட பின் அதற்குப் 'பிறகு' என்ற ஒன்று உண்டா?

தரம் தவறியதால் வந்த கேடு

இதெல்லாம் ஒரு தாளில் ஓர் எழுத்து விட்டுப்போன கதைதானே என்று எளிதாகத் தள்ளுவோர் இருக்கலாம். அவர்கள் தெராக்-25 என்னும் மருத்துவக் கருவியின் வரலாற்றை அறிதல் நலம். கனடா நாட்டு அரசு நிறுவனம் ஒன்று உருவாக்கிய அக்கருவி, கணினியின் கட்டுப்பாட்டில் புற்றுநோயாளர்க்குக் கதிர்வீச்சு அளிப்பது. 1985 சூன் முதல் 1987 சனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர்க்கு அது அளவு கடந்த கதிர்வீச்சைச் செலுத்திவிட்டது. அவர்களுள் சிலர் அதனால் உயிரிழந்தனர்.

அக்கருவி தன்னுள் நேரும் கோளாறுகளை இரு தரமாகப் பிரித்துக் காட்டியது. ஒன்று, சிகிச்சை முற்றிலும் நிறுத்தப்பட்டது என்பது. அதன்பின் கருவியை முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். மற்றொன்று, சிகிச்சை சற்றே இடைநின்றது என்பது. ஒரே ஒரு விசையை அழுத்தினால் போதும், பணி தொடரும். 1986 மார்ச்சில் டெக்ஸஸ் மாநிலத்தின் டைலர் நகரில் ஒரு நோயாளர்க்குப் பெருந்தீங்கு விளைந்த நொடியில் திரையில் தோன்றியது 'கோளாறு 54' என்னும் விளங்காத குறிப்பு. அதனோடு காட்டப்பட்ட தரமோ 'இடைநிற்றல்'. சிறு கோளாறுகளுக்குப் பழகிப்போயிருந்த இயக்குநர், வழக்கம்போல் விசையை அழுத்திச் சிகிச்சையைத் தொடர்ந்தார். நோயாளர் மீண்டும் தாக்குண்டார். சில மாதங்களில் இறந்தார். மறுமாதமே அதே மருத்துவமனையில் அதே குறிப்போடு மற்றொருவர் தாக்குண்டு சில வாரங்களில் மாண்டார்.

நான்சி லெவ்சன், கிளார்க் டர்னர் என்னும் இருவர் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இவ்வரலாற்றை விரிவாக எடுத்துரைக்கின்றது. பிழையின் வேர் நிரலில் இருந்தது. காப்புப் பொறிகளை நீக்கி நிரலையே நம்பியதிலும் இருந்தது. சீட்டு மட்டுமே குற்றவாளி என்று நான் கூற வரவில்லை. ஆனால் கொடிய பிழைக்குச் சிறு பிழையின் சட்டையை அணிவித்தமையால், தடுத்து நிறுத்தக்கூடிய இறுதி நொடியில் நின்ற மனிதர்க்கு எச்சரிக்கை கிட்டாமற் போயிற்று. அடிக்கடி தோன்றும் குறிப்பு எவர் கண்ணிலும் படாது என்பதும் அதன்வழி நாம் பெறும் பாடம்.

முகங்கள் பல

மூன்றாம் தவறு, முறையீட்டை ஒரே முகத்தால் நோக்கியது. ஒரு முறையீட்டுக்கு முகங்கள் பல. அது எப்பகுதியைச் சார்ந்தது? பிழையா, புது விருப்பமா? யார் பொறுப்பு? யாரைப் பாதிக்கிறது? எந்நிலையில் உள்ளது? இவற்றை ஒரே பட்டியலில் குழப்பினால் சீட்டுகள் பெருகும், தெளிவு குறையும்.

இவ்விடத்தில் நம் மண்ணின் மைந்தர் ஒருவரை நினைவு கூர்தல் தகும். சீர்காழிப் பகுதியில் 1892ஆம் ஆண்டில் பிறந்து, கணித ஆசிரியராய்ப் பணியாற்றி, 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் அமர்ந்தவர் எஸ்.ஆர். அரங்கநாதன். நூல்களை ஒரே மரத்தின் கிளைகளில் அடுக்குவது போதாது. ஒவ்வொரு நூலையும் பல முகங்களால் ஆராய வேண்டும் என்று அவர் கண்டார். 1933ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை உலக நூலகவியலில் புதுத்தடம் பதித்தது. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படைகளால் எப்பொருளையும் பகுத்துரைக்கலாம் என்பது அவர்தம் கோட்பாடு.

இன்றைய மென்பொருள் திட்டங்களின் சீட்டு முறையை நோக்கின் அரங்கநாதனின் சிந்தனைக்கு அது எத்துணை நெருங்கி நிற்கின்றது என்பது விளங்கும். ரஸ்ட் என்னும் நிரல்மொழியை உருவாக்குவோர் சீட்டின் தலையில் ஓர் எழுத்தை வைத்து முகத்தைக் காட்டுகின்றனர். 'ஏ' எனத் தொடங்கின் பகுதி. 'சி' எனின் வகை. 'பி' எனின் முந்துரிமை. 'டி' எனின் பொறுப்பேற்கும் குழு. 'ஈ' எனின் பணியின் எளிமையும் அருமையும். குபர்னெட்டீஸ் என்னும் பெருந்திட்டத்திலோ புதிதாய் வந்த முறையீட்டின்மீது 'இன்னும் தரம் பிரிக்கப்படவில்லை' என்னும் சீட்டே முதலில் ஏறுகிறது. ஒருவர் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்ட பின்னரே அது மாறும். படிக்காமலே தீர்ப்பு எழுதுவதினும் 'இன்னும் படிக்கவில்லை' என்று ஒப்புக்கொள்வது நேர்மையன்றோ?

முகங்களுள் 'யாரைப் பாதிக்கிறது' என்னும் முகமே பலரும் மறப்பது. டெபியன் பதிவேட்டில் மொழிசார்ந்த முறையீடுகளுக்கெனத் தனிச் சீட்டு உண்டு. பார்வையிழந்தோர் முதலிய மாற்றுத்திறனாளிகளின் அணுகலைப் பற்றிய முறையீடுகளுக்கெனவும் தனிச் சீட்டு உண்டு. அத்தகைய சீட்டு இருப்பின், அம்மொழி அறிந்தவர் தேடிவந்து அவற்றை மட்டும் திரட்டிப் பார்க்க இயலும். எங்கள் பதிவேட்டில் 'பெயர்' என்றோ 'தமிழ்' என்றோ ஒரு சீட்டு இருந்திருப்பின், அந்த ஷகரம் நிறக் குறைகளின் குவியலில் புதைந்திராது.

எழுத்துச் சிக்கல் என்றாலே சிறு பிழை என்று எண்ணுவோர்க்கு 2018 பிப்ரவரியில் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். தெலுங்கு மொழியின் ஓர் எழுத்துச் சேர்க்கையைத் திரையில் காட்ட முயன்றபோது ஐபோன்களில் செய்திச் செயலிகள் நின்றுபோயின. யாரோ ஒருவர் அவ்வெழுத்தை அனுப்பினால் போதும். பெறுபவரின் செயலி முடங்கும். ஆப்பிள் நிறுவனம் அம்மாதமே 11.2.6 என்னும் திருத்தப் பதிப்பை வெளியிட நேர்ந்தது. தென்னாட்டு மொழியொன்றின் கூட்டெழுத்து உலகப் பெரும் நிறுவனத்தை விரைந்து செயற்படச் செய்தது. மொழிப்பிழை சிறியது என்பது, அம்மொழியைப் படிக்காதவர் கண்ணுக்கு மட்டுமே.

எண்ணிக்கையும் துணிவும்

சீட்டுகளைப் பெருக்கிக்கொண்டே போவதும் தீர்வாகாது. பக்ஸில்லாவில் முன்பு ஏழாக இருந்த கடுமைத் தரங்களை மொசில்லா திட்டத்தினர் பின்னர் நான்காகச் சுருக்கினர். ஒட்டுவோர்க்குள்ளேயே 'பெரியது', 'இயல்பானது' என்பனவற்றிடையே வழக்கு எழுமாயின் அத்தரங்களால் பயன் என்ன?

மிக உயர்ந்த சீட்டை முழக்கமாக மாற்றுவதும் கூடாது. உபுண்டு என்னும் திட்டத்தின் முதல் முறையீடு 2004ஆம் ஆண்டில் அதன் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் பதிந்தது. மேசைக் கணினிச் சந்தையில் மைக்ரோசாப்ட் நிறுவனமே பெரும்பங்கு வகிக்கிறது என்பதே அம்முறையீடு! அதன் தரம், மிகக் கடுமையானது. 2013ஆம் ஆண்டில் அவரே அதனை முடித்து வைத்தார். கொள்கைப் பறையாக அது பலர்க்கு ஊக்கமளித்தது உண்மை. ஆயினும் ஏறத்தாழ ஒன்பதாண்டு காத்திருக்கக்கூடிய ஒன்றை 'மிகக் கடுமை' என்று அழைத்தால், இன்றிரவு உறங்காமல் திருத்த வேண்டியதை என்னென்று அழைப்பது?

'செய்ய மாட்டோம்' என்று சொல்லும் சீட்டும் வேண்டும். கிட்ஹப் தளத்தில் புதுத்திட்டம் தொடங்குவோர்க்கு முன்னிருப்பாக வழங்கப்படும் சீட்டுகளுள் அதுவும் ஒன்று. பலர் அதனைக் கடுஞ்சொல் என்று கருதித் தயங்குவர். என் கருத்தில், காரணம் கூறி மறுப்பது, கூறாமல் காக்க வைப்பதினும் பண்புடையது. மறுக்கப்பட்டவர் வேறு வழி தேடுவார். காக்க வைக்கப்பட்டவரோ வாயிலிலேயே நிற்பார்.

இங்கே ஓர் எதிர்வாதத்தையும் நேர்மையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கில் முறையீடு குவியும்போது ஒவ்வொன்றையும் மனிதர் படித்துத் தீர்ப்புச் சொல்ல ஆள் எங்கே என்று கேட்பர். குபர்னெட்டீஸ் திட்டத்தில் இதற்கு இயந்திர முறை ஒன்று கண்டுள்ளனர். தொண்ணூறு நாள் அசைவின்றிக் கிடக்கும் முறையீட்டின்மீது 'பழையது' என்னும் சீட்டுத் தானே ஏறும்; மேலும் முப்பது நாள் கழிந்தால் 'மிகப் பழையது' எனும் சீட்டு; மேலும் முப்பது நாளில் முறையீடு மூடப்படும். தன்னார்வலர் காலம் பொன்னானது. அவர்தம் சுமையை நான் அறியாதவனல்லேன். எனினும், எவரும் பேசவில்லை என்பது குறை தீர்ந்தது என்பதற்குச் சான்றாகாது. சொல்லிச் சொல்லி அலுத்தவரும் பேசார்; சொல்லத் தெரியாதவரும் பேசார். அத்திட்டத்திலேயே, மூடவொண்ணாதது என்று மனிதர் கருதும் முறையீட்டை இயந்திரம் தொடாதவாறு காக்கும் சீட்டும் உண்டு. அதனை ஒட்ட ஒரு கை வேண்டும். இயந்திரம் துணை நிற்கலாம்; தீர்ப்பு மனிதருடையதாக இருத்தல் வேண்டும்.

திறந்த வாயில்

சீட்டு, கதவை அடைக்கவும் வல்லது, திறக்கவும் வல்லது. 'புதியோர்க்கு ஏற்ற முதற்பணி' என்னும் சீட்டு இன்று பல திட்டங்களில் உள்ளது. கிட்ஹப் தரும் முன்னிருப்புச் சீட்டுகளுள் அது ஒன்று. டெபியனில் 'புதியவர்' என்று ஒரு சீட்டு உண்டு. ரஸ்ட் திட்டத்தில் 'வழிகாட்ட ஒருவர் இருக்கிறார்' என்றே ஒரு சீட்டு உண்டு. ஒரு மூத்தவர், தாமே அரை மணியில் முடித்துவிடக்கூடிய பணியை, முகம் அறியாத ஓர் இளையவர் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவைக்கிறார். ஆசிரியப் பணியின் சாரம் இதுவன்றி வேறென்ன?

மாணவச் செல்வங்களே! சிற்றூரில் இருந்துகொண்டு உலகத் திட்டங்களில் எவ்வாறு நுழைவது என்று நீங்கள் கேட்பதுண்டு. அச்சீட்டே உங்களுக்கான வாயில். நிரல் எழுதத் தெரியாதோரும் மனந்தளர வேண்டா. தமிழ் எழுத்து உடையும் இடத்தைக் கண்டு, எந்தக் கணினியில், எந்தச் சொல்லில், எவ்வாறு உடைகிறது என்று செவ்வையாக எழுதி முறையிடுவதும் தொண்டே. தமிழ் பயின்ற நீங்கள் எழுதாவிடின், அதனை எழுத வேறு யார் உளர்? 'இது தோற்றக் குறை' என்று ஒருவர் சீட்டு ஒட்டினால், 'அன்று. இது ஒருவர் பெயர்' என்று பணிவோடும் உறுதியோடும் மறுமொழி கூறுங்கள்.

ஆசிரியப் பெருமக்கள், மாணவர்தம் ஆய்வுத் திட்டங்களில் நிரலுக்கு மட்டும் மதிப்பெண் வழங்காது, முறையீடுகளை எவ்வாறு தரம் பிரித்தனர் என்பதையும் நோக்குதல் நலம். தரங்கள் சிலவாக இருக்கட்டும்; ஒவ்வொன்றுக்கும் வரையறை எழுதப்பட்டிருக்கட்டும்; கடுமையும் முந்துரிமையும் தனித்தனியே நிற்கட்டும்; மறுப்புக்குக் காரணம் கூறப்பட்டிருக்கட்டும்; சோதனைப் பட்டியலில் நம் ஊர்ப் பெயர்கள் யாவும் இடம்பெறட்டும். கல்விக்கூடங்களை நடத்தும் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். தாங்கள் விழையும் மாற்றம் அனைத்தையும் அவசரம் என்று சொல்லாதீர்கள். தங்கள் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. அச்சொல்லின் எடையால் வாய் திறவாத ஒருவரின் முறையீடு அடியில் நசுங்கிவிடக்கூடும்.

அம்மாணவியின் சான்றிதழ் பின்னர்த் திருத்தி அச்சிடப்பட்டது. அவ்விளைஞரே அன்றிரவு அமர்ந்து மாற்று அட்டவணையில் விடுபட்ட எழுத்துகளைச் சேர்த்தார். பணி முடியச் சில மணி நேரமே ஆயிற்று. மறுநாள் பதிவேட்டில் புதிய சீட்டு ஒன்றைக் கண்டேன். 'பெயர்' என்பதே அது. அதன் எதிரே வரையறையும் எழுதியிருந்தார்: ஒருவர் பெயர் தவறாகத் தோன்றும் முறையீடு எதுவாயினும், அச்சுக்கு முன் தீர்க்கப்பட வேண்டும். எங்கள் பதிவேட்டில் எழுதப்பட்ட முதல் வரையறை அதுதான்.